ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள்

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் நாலு கழனிக்காரர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். "நூறு நாள் வேலை வந்துச்சு, ஊரு கெட்டுச்சு. ஆளே கிடைக்கல." பக்கத்து இலைக்காரர் தலையாட்டுவார். "ஏரிக்கரையில புளியமரத்தடியில உட்கார்ந்துட்டு வந்தா காசு. நம்ம கழனிக்கு எவ வருவா?" மூன்றாமவர் ரேஷன் அரிசியை இழுப்பார், நாலாமவர் ஓசி பஸ் என்பார். மோர் வரும்போது அரசாங்கத்தின் மொத்த வரவு செலவும் அலசி முடிந்திருக்கும்.

நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர், ஒரு கிணறு. தண்ணீர் இருக்கிற வருஷம் நெல், இல்லாத வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அதனால் இந்தப் புலம்பலைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது, கூலி ஏறிவிட்டது, இரண்டும் நிஜம். நான் சொல்ல வருவது இதுதான்: கிராமத்து ஏழ்மையை அரசாங்கப் பணம் கொஞ்சமாவது தணித்திருக்கிறது என்றால், அந்தக் கல்யாணப் பந்தியில் எதைக் குறையாகச் சொல்கிறார்களோ அந்த வழியாகத்தான் தணித்திருக்கிறது. சர்க்கார் கொடுத்த காசு சின்னது. அந்தக் காசை நம்பி ஒருத்தி மறுநாள் காலை "இந்தக் கூலிக்கு வரமாட்டேன்" என்று சொல்ல முடிந்ததே, அதுதான் பெரியது.

முன்பு ஆள் கூப்பிடுவது எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நாளைக்குக் களை என்றால் இன்றைக்குப் பொழுது சாயும்போது அம்மா கிளம்புவார். காலனிக்குள் போகமாட்டார், தெரு முனையில் இருக்கிற அடிபம்பு பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார். வயதில் அம்மாவைவிட மூத்தவர்களையும் பேர் சொல்லித்தான். "நாளைக்கு ஆறு ஆளு வேணும். சீக்கிரம் வந்துடணும், வெயிலுக்கு முன்னாடி." கூலி எவ்வளவு என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கூலி ஊருக்கே ஒன்று. பெண்ணாளுக்கு முப்பதோ நாற்பதோ, ஆணாளுக்கு அதைப்போல இரண்டு பங்கு. அதை யார் எப்போது உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்றால் யாரும் செய்யவில்லை. அப்படியே இருந்தது, அவ்வளவுதான்.

கூலியும் அன்றைக்கே கைக்குப் போகாது. "மல்லாட்டை போட்டதும் வாங்கிக்க" என்பார்கள். இடையில் அந்த வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் ஐம்பது, நூறு கொடுப்பார்கள். அது உதவி மாதிரிதான் இருக்கும். ஆனால் வாங்கியவர் அடுத்த நடவுக்கு வேறு யார் கழனிக்கும் போக முடியாது. போனால், "அன்னிக்கு ராத்திரி யார் கொடுத்தது?" என்ற கேள்வி வரும். ஊரில் நாலைந்து பேர் நிலமும் கடனும் இரண்டையும் கையில் வைத்திருந்தால், மற்றவர்களுக்குக் கூலி பேச இடமே இல்லை. வேண்டாமென்றால் போக்கிடம் செங்கல் சூளை, கரும்பு வெட்டு, இல்லை பெங்களூர் கட்டட வேலை. மூன்றுக்கும் முன்பணம், மூன்றும் கடன்.

கூலி கேட்பது என்பது இந்த மண்ணில் எவ்வளவு ஆபத்தான காரியமாக இருந்திருக்கிறது என்பதற்குக் கீழவெண்மணிக்கு மேல் சாட்சி வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு, மிராசுதாரர் ஆட்கள் வைத்த தீயில், ஒரு குடிசைக்குள் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து போனார்கள். அவர்கள் கூட்டிக் கேட்டது அரைப்படி நெல். அடுத்த வருஷமே, அந்த ஊர் அப்போது இருந்த தஞ்சைப் பகுதிக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தால் மட்டும் கூலி ஏறிவிடாது. இல்லையென்றால் இன்னொரு இடம் இருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரிய வேண்டும், கொடுப்பவருக்கும் தெரிய வேண்டும்.

அந்த இன்னொரு இடம் 2006 பிப்ரவரி 2-ம் தேதி வந்தது. ஆந்திராவின் அனந்தப்பூர் மாவட்டத்தில் தொடக்க விழா நடத்தி, முதல் கட்டமாக நாட்டின் 200 மாவட்டங்களில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஊரில் நூறு நாள் வேலை என்பது இதைத்தான். தமிழ்நாட்டில் அப்போது ஆறு மாவட்டங்கள்: திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. கீழவெண்மணி இருக்கிற நாகப்பட்டினமும் முதல் பட்டியலிலேயே வந்தது. 2008 ஏப்ரலில் எல்லா கிராமப்புற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இதற்கு முன்னோடி மகாராஷ்டிரா. எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே பஞ்சம் வந்தபோது தொடங்கிய வேலை உறுதித் திட்டத்துக்கு 1977-ல் சட்டமே போட்டார்கள்.

எங்கள் ஊரில் முதலில் யாரும் நம்பவில்லை. தமிழ்நாட்டில் அப்போது கூலி 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இதைக் கேட்டு ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள் என்பது இன்றைக்கும் மாறவில்லை. சட்டம் கேட்டதோ மூன்றில் ஒரு பங்குதான்.

புளியமரத்தடி விஷயத்துக்கு வருகிறேன், அதைத் தாண்டிப் போனால் யாரும் விடமாட்டார்கள். ஏரி வேலை நடக்கிற இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும். காலையில் பணித்தளப் பொறுப்பாளர் நோட்டும் செல்போனுமாக நிற்பார். அவரும் அந்த ஊர்ப் பெண்தான். எல்லாரையும் கரையில் வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காது. போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மதகு வரைக்கும் நடப்பார். மதியத்துக்கு மேல் மறுபடியும் ஒரு போட்டோ. அதற்கு முன்னால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. வேலை முடிந்தாலும் வெயிலில் நிற்க இடமில்லாமல் மரத்தடிக்குத்தான் வருவார்கள். ரோட்டில் பைக்கில் போகிறவர் கண்ணில் படுவது அந்த மரத்தடிதான். காலையில் அவர்கள் வெட்டிய பள்ளம் படாது.

பள்ளத்தை ஓவர்சியர் டேப் பிடித்து அளப்பார். அளவு குறைந்தால் கூலி குறையும். 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அது முழுசாகக் கணக்கில் ஏறுவது அபூர்வம். அறுபது வயசு ஆயாவும் இருபத்தைந்து வயசுப் பெண்ணும் சேர்ந்து வெட்டுகிற குழு அது. காய்ந்த ஏரி மண் கல்லு மாதிரி இருக்கும். ஏமாற்று வேலையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வராதவர் பேரில் வருகை போட்டதும் உண்டு, பாதி ஆழம் வெட்டி முழு ஆழம் எழுதியதும் உண்டு. தூர் வாரிய ஏரிகளில் பாதி அடுத்த மழையில் பழையபடி ஆகிவிட்டன. சொத்து உருவாக்குகிற திட்டம் என்று பார்த்தால் சுமார் மதிப்பெண்தான். ஆனால் ஏரியை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், இந்தத் திட்டம் எங்கே வேலை செய்தது என்பது கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

அது ஏரிக்கு வெளியே வேலை செய்தது. இதை ஊர்க்கதையாக மட்டும் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்பதால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஒன்றுபட்ட ஆந்திராவில் இந்தத் திட்டத்தின் கூலியைக் கைரேகை அட்டை மூலம் ஒழுங்காகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். எந்த மண்டலத்துக்கு (நம் ஒன்றியம் மாதிரி) முதலில், எதற்குப் பிறகு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். அதனால் கிடைத்த மண்டலத்தையும் கிடைக்காத மண்டலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் என்ற பொருளியலாளர்கள் மூவரும் அப்படிப் பார்த்தார்கள். ஒழுங்காகக் கூலி போய்ச் சேர்ந்த இடங்களில் பயனாளிக் குடும்பங்களின் வருமானம் 14 விழுக்காடு கூடியது, வறுமை 26 விழுக்காடு குறைந்தது. இதுவரைக்கும் எதிர்பார்த்ததுதான். கூடுதலாக வந்த வருமானத்தில் 86 விழுக்காடு அந்தத் திட்டத்தின் காசே இல்லை என்பதுதான் எதிர்பாராதது. தனியார் கழனியிலும் மற்ற வேலையிலும் கூலி ஏறி, அதில் வந்த பணம் அது. நிலம் சிலர் கையில் குவிந்திருந்த ஊர்களில்தான் தனியார் வேலையும் அதிகம் கூடியது. நிலத்திலிருந்து வரும் லாபம் குறைந்தது என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை.

ரூபாயில் 15 பைசாதான் மக்களுக்குப் போய்ச் சேருகிறது என்று ராஜீவ் காந்தி 1985-ல் சொன்னதை இன்றுவரை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மீதி 85 எங்கே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் போய்ச் சேர்ந்த காசு அங்கே போய் என்ன செய்கிறது என்று கேட்க நமக்குப் பொறுமை இருந்ததில்லை. ஆந்திராக் கணக்குப்படி பார்த்தால், சர்க்கார் கூடுதலாகக் கொடுத்த ஒரு ரூபாய் கழனிக்காரர் மடியிலிருந்தும் மற்ற முதலாளிகளிடமிருந்தும் இன்னும் ஆறு ரூபாயை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறது. பந்தியில் புலம்பல் வராமல் என்ன செய்யும்?

ரேஷன் அரிசியும் இதே வேலையைத்தான் செய்கிறது, சத்தமில்லாமல். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்கும் பொது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூனிலிருந்து இலவசம். சாதாரண அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை. "ஆடு மாட்டுக்குப் போடுறாங்க, மாவு மில்லுக்கு விக்கிறாங்க" என்பார்கள். விற்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பானையில் அரிசி இருக்கிற வீட்டுப் பெண்ணிடம் கூலி பேசுவதும் இல்லாத வீட்டுப் பெண்ணிடம் பேசுவதும் வேறு வேறு. இல்லாதவள் சொன்ன கூலிக்கு வருவாள். இருக்கிறவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்பாள். அந்த ஒரு நாள் யோசனைக்கு எங்கள் பக்கத்தில் முன்பு வழியே இருந்ததில்லை.

அப்புறம் ரோடு. ஷெங்கன் ஃபான், பீட்டர் ஹேஸல், சுகதேவ் தோரட் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1999-ல் இந்திய மாநிலங்களின் 1970 முதல் 1993 வரையிலான கணக்கை வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: அரசாங்கம் கிராமத்தில் கூடுதலாகச் செலவழிக்கிற பணம் எதில் போட்டால் வறுமை அதிகம் குறையும்? பாசனமா, மின்சாரமா, படிப்பா, நலத்திட்டமா? முதலிடம் ரோடுக்கு. அடுத்தது விவசாய ஆராய்ச்சி, மூன்றாவது கல்வி. இருபது வருஷம் கழித்து சாம் ஆஷரும் பால் நோவோசாட்டும் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பார்த்தபோது உற்சாகம் குறைந்தது. ரோடு வந்ததால் விளைச்சலோ வருமானமோ சொல்லிக்கொள்ளும்படி மாறவில்லை. ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளி வேலைக்குப் போனது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு முடிவும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று பொருளியலாளர்கள் மல்லுக்கட்டட்டும். எனக்கு இரண்டாவது முடிவில் எங்கள் ஊர் அப்படியே தெரிகிறது. ரோடு வந்ததால் எங்கள் மல்லாட்டை மூட்டைக்கு விலை ஒன்றும் கூடவில்லை. ஆனால் காலை பஸ்ஸில் காலனிப் பெண்கள் செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். ஒரு காலத்தில் அம்மா அடிபம்பு பக்கம் நின்று கூப்பிட்டவர்களின் மகள்கள் அவர்கள். ரோடு இருந்தும் பஸ் இல்லாத ஊரில் இது நடந்திருக்காது. பஸ் இருந்தும் மாசச் சம்பளம் தரும் கம்பெனி பக்கத்தில் இல்லாத ஊரிலும் நடந்திருக்காது. பீகார், ஒடிசாவின் எத்தனையோ ஊர்களில் ரோடு மட்டும் போய் நிற்கிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அதனால் மிச்சமாகும் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பக்கத்து ஊரில் கூலி என்ன என்று விசாரித்துவிட்டு வர இப்போது காசு செலவாகாது என்பது.

இவ்வளவும் சொன்னதால் எந்தச் செலவும் நல்ல செலவு என்று அர்த்தமில்லை. அறுபது தாண்டி எண்பது ஆகாத ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007 வாக்கில் நிர்ணயித்தது அப்படியே நிற்கிறது. மாநிலம் தன் பணத்தைப் போட்டு 2023-ல் அதை 1,200 ஆக்கியது. இருநூறு ரூபாயை வைத்துக்கொண்டு எந்தக் கிழவியும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நூறு நாள் என்று பேர் இருந்தாலும் நாடு முழுக்கச் சராசரியாக ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐம்பது நாள் அளவில்தான்.

எல்லாவற்றையும்விட மோசம் தாமதம். வேலை செய்து 15 நாளுக்குள் கூலி ஏற வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் ஒரு நாளைக்கு 0.05 விழுக்காடு நஷ்டஈடு, அதாவது இரண்டாயிரம் ரூபாய் பாக்கிக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயைக் கேட்டு யார் பி.டி.ஓ. ஆபீஸ் படி ஏறுவது? 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் கூலி ஏறுவது நின்றது. 2025 மார்ச்சில் மத்திய அரசு தர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு சொன்னது. ஊருக்கு ஊர் ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் பேங்க் மிஷின் வைத்திருக்கிற கடைக்காரரிடம் தினமும் ஒரே கேள்விதான்: "ஏறிடுச்சாப்பா?" அவர் விரலை வைத்துப் பார்ப்பார், இல்லை என்பார். குழுக் கடன்காரர் வாரம் தவறாமல் வந்து தெருவில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். கூலி வராத வாரத்திலும் தவணை உண்டு. தை மாதம் அறுப்புக்கு முன்னால் எப்போதையும்விடச் சுலபமாக ஆள் கிடைத்தது. பாக்கி வைத்திருக்கிற திட்டம் வேலை கொடுத்தாலும் பேரம் பேசும் வலுவைக் கொடுக்காது. நாளைக்கு வரும் என்ற நிச்சயம் இருந்தால்தான் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்.

சரி, கழனிக்காரர் கட்சியையும் பேசிவிடுகிறேன். ஏறிய கூலியை யார் கொடுப்பது? ஐம்பது ஏக்கர்க்காரர் அறுப்பு மிஷினைக் கூப்பிட்டுக் கொள்வார். நடவு மிஷினும் வந்துவிட்டது. எங்களைப் போன்ற இரண்டரை ஏக்கருக்கு, அதுவும் வரப்பு நெளிந்து கிடக்கிற துண்டுக்கு, மிஷின் இறங்கவே யோசிப்பார்கள். மல்லாட்டை பிடுங்கி ஆய்வதற்குக் கை வேண்டும். நெல் விலையை நாங்கள் வைப்பதில்லை, உர விலையையும் நாங்கள் வைப்பதில்லை. எங்கள் கையில் இருந்த ஒரே விலை கூலிதான். அது கையை விட்டுப் போனால் வலிக்கத்தான் செய்யும். இதில் விவசாயி பேராசைக்காரன் என்று டவுனில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்த வலிக்கு மருந்து விளைபொருள் விலையில் இருக்கிறது. காலனிப் பெண்ணின் கூலியைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதில் இல்லை. இத்தனை வருஷம் மலிவு நெல்லை நாட்டுக்குக் கொடுத்தது விவசாயி என்கிறோம். அதில் பாதி அந்த முப்பது ரூபாய்க் கூலிக்காரி கொடுத்தது.

அம்மா இப்போது காலனிக்குப் போவதில்லை, போன் செய்கிறார். எடுப்பது பதினைந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைவி மாதிரி இருக்கிற ஓர் அக்கா. "எட்டரைக்கு இறங்குவோம், ஒன்றரைக்கு ஏறிடுவோம். ஆட்டோ நீங்கதான் வைக்கணும். டீ, வடை ரெண்டு தடவை. காசு அன்னிக்கே." அம்மா பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பார்ப்பார். "கட்டாதும்மா, கீழூர்ல முன்னூத்தம்பது சொல்லியிருக்காங்க, அங்க போயிடுறோம்." பேசி முடித்ததும் அம்மா போனைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டுவார். ஆனால் பேசும்போது "வாங்கக்கா" என்றுதான் பேசுகிறார்.

இந்த நிலைமையில்தான் 2025 டிசம்பரில் பழைய நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் விபி-ஜி ராம் ஜி என்ற புது ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நூறு நாள் 125 ஆகியிருக்கிறது, அதைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். முன்பு கூலி முழுக்க மத்திய அரசின் பொறுப்பு. இனி பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டைத் தூக்க வேண்டும். பத்திரிகைகளில் பெரிய சண்டை இதைப் பற்றித்தான். எனக்கு உறுத்துவது வேறொரு பிரிவு. விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்க வேண்டும், விவசாயத்துக்கு ஆள் தட்டுப்பாடு வராமல் இருக்க. பந்திப் புலம்பல் சட்டமாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. கூலி பேச ஆட்களுக்கு வலு இருப்பதே அந்த அறுபது நாளில்தான். மற்ற நாளில் கழனியில் வேலையும் இல்லை, பேச்சும் இல்லை.

எந்த 60 நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமாம். பகுதிக்குப் பகுதி வேறுபடலாமாம். எங்கள் பக்கத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல்லுக்கே மூன்று பட்டம். ஆடியில் விதைக்கிற மானாவாரி மல்லாட்டை ஒன்று, மார்கழியில் போடுகிற இறவை மல்லாட்டை ஒன்று. எந்த மாதத்தை எடுத்தாலும் யாரோ ஒருவருக்கு அது உச்சக் காலம். மாதாமாதம் கலெக்டர் ஆபீஸில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. எங்கள் ஊரிலிருந்தும் இரண்டு பேர் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு தவறாமல் போவார்கள். அந்தத் தேதிகளைப் பற்றிய கோரிக்கை மனு அங்கேதான் முதலில் போய்ச் சேரும். கூலிக்குப் போகிறவர்களுக்கென்று அப்படியொரு மாதக் கூட்டம் எங்கள் மாவட்டத்தில் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.